ஏட்டில் எழுதாத சங்கீதம்

வியன்னா நகரில் 1969-ம் வருஷத்தில் ஒரு செல்லோ வித்வான் தமது உத்தியோகத்தை ராஜினாமாச் செய்தார். நாற்பது வயதை எட்டப் போகிறவர். மனைவியும் நான்கு குழந்தைகளும் உடைய சம்சாரி. வியன்னா சிம்பனி என்னும் பிரசித்தி பெற்ற வாத்திய கோஷ்டியில் 1952 முதல் பதினேழு வருஷம் வாசித்து வந்தவர். இப்படிப்பட்டவர் மாதச் சம்பளத்தை உதறிவிட்டு எழுந்து போனால் நாம் என்ன காரணம் ஊகிப்போம்? சம்பளத் தகராறு என்போம். அல்லது மேலதிகாரியின் தொல்லை என்போம். பிற்காலத்தில் அவரே சொன்ன காரணம் வேறு. மோஸார்ட் 1788-ல் இயற்றிய ஜி மைனர் சிம்பனியை, அங்கே வழக்கமாய் வாசித்து வந்த விதத்தில், இன்னும் ஒரு முறை வாசிக்கத் தம்மால் இயலாது என்பதே அது.

அந்தச் சிம்பனி கலக்கமும் துக்கமும் நிரம்பியது என்பது அவருடைய திடமான எண்ணம். ஆனால் கச்சேரிதோறும் அதைச் சர்க்கரைப் பாகில் தோய்த்த பண்டம்போல் பரிமாறினார்கள். ரசிகர்களும் இன்முகத்துடன் தலையசைத்துக் கேட்டுவிட்டு வீடு சென்றார்கள். அழ வேண்டிய இடத்தில் எல்லோரும் புன்னகை செய்கிறார்களே, எங்கேயோ பிழை இருக்கிறதே என்ற சந்தேகம் அந்த வித்வானை வருஷக்கணக்காக அரித்துக்கொண்டிருந்தது. அந்தப் பிழையைத் தேடிப் போனதுதான் அவருடைய ஜீவிய சரித்திரம். அவர் பெயர் நிக்கோலவுஸ் ஹார்னன்கூர்.

செல்லோ என்பது பிடிலுக்குத் தமையன் முறையாக வேண்டிய வாத்தியம். உருவம் பெரிது, குரல் கனம், வாசிப்பவர் நாற்காலியில் அமர்ந்து இரண்டு முழங்கால்களுக்கும் நடுவே அதை நிறுத்திக்கொண்டு வில் போடுவார். ஐரோப்பிய வாத்திய கோஷ்டியில் இத்தகைய செல்லோக்களோடு பிடில்களும் குழல்களும் கொம்புகளும் சேர்ந்து எண்பது பேர்கூட உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் எதிரே நின்று, ஒரு வாத்தியத்தையும் தொடாமல், கையசைவினாலேயே எல்லோரையும் நடத்திச் செல்பவருக்குக் கண்டக்டர் என்று பெயர். பஸ் கண்டக்டருக்கும் இவருக்கும் உறவு பெயரளவில்தான்; ஆயினும் ஏறினவர்களை நடுவழியில் இறக்கிவிடாமல் ஊர் கொண்டு சேர்ப்பது இவருக்கும் கடமையே. ஹார்னன்கூர் செல்லோ வித்வானாகத் தொடங்கிக் கண்டக்டராக முடிந்தவர். நடுவிலே, ஒருவரும் சம்பளம் கொடுக்காத மூன்றாவது உத்தியோகம் ஒன்றையும் தாமாகவே மேற்கொண்டார். அது பழைய சங்கீதத்தின் ஆராய்ச்சி.

1929-ம் வருஷம் டிசம்பர் மாதம் 6-ந் தேதி பெர்லினில் பிறந்து, ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் வளர்ந்தார். பெரிய குலம். தாயார், ஆஸ்திரியச் சக்கரவர்த்தியின் சகோதரராக விளங்கிய யோஹான் இளவரசரின் கொள்ளுப் பேத்தி. அந்த இளவரசர், தபால் நிலைய அதிகாரி ஒருவரின் மகளைக் காதலித்து 1829-ல் மணந்து, அரண்மனையையே திகைக்க வைத்தவர். 1919-ல் ஆஸ்திரியக் குடியரசு பிரபுப் பட்டங்கள் யாவற்றையும் சட்டப்படி ரத்து செய்துவிட்டது. ஆகையால் நிக்கோலவுஸ் பிறந்தபோது குலப்பெருமை பேச்சுக்கு இருந்ததேயன்றி வயிற்றுக்கு உதவுவதாக இல்லை. தகப்பனார் ஓர் எஞ்சினீயர். வீட்டில் எல்லோரும் வாத்தியம் வாசிப்பார்கள்.

பையனுக்கோ முதலில் பொம்மலாட்டத்தின்மேல்தான் மோகம். மரத்தில் பொம்மைகளைத் தானே செதுக்கி ஆட்டங்கள் நடத்தினான். அதையே பிழைப்பாகக் கொள்வதென்றும் எண்ணியிருந்தான். அப்பொழுது ஒரு நாள், நோயாய்ப் படுத்திருக்கையில், பூர்ட்வெங்லர் நடத்திய பீத்தோவனின் ஏழாவது சிம்பனியை ரேடியோவில் கேட்டான். பொம்மலாட்டம் அன்றோடு போயிற்று. சங்கீதமே தன் தொழில் என்று நிச்சயித்துவிட்டான். நூலை இழுத்தால் மரத்துக்கும் உயிர் வரும் என்ற அந்தப் பால்ய வித்தை மட்டும் அவரை விட்டு அகன்றதாக நமக்குத் தோன்றவில்லை. பிற்காலத்தில் அவர் கோஷ்டியை நடத்தும் படங்களைப் பார்த்தவர்கள், கையில் கோலின்றி, விழிகளை அகலத் திறந்து, பத்து விரல்களாலும் எதையோ இழுப்பதும் விடுவதுமாக அவர் நிற்பதைக் கவனித்திருக்கலாம்.

வியன்னாவில் கல்வி முடித்து, கராயன் என்னும் புகழ்பெற்ற கண்டக்டரின் காலத்தில் வியன்னா சிம்பனியில் சேர்ந்தார். மறு வருஷம், 1953-ல், இரண்டு காரியங்கள் நடந்தன. ஆலிஸ் ஹாஃபெல்னர் என்ற பிடில் வித்வாம்சினியை மணந்தார். அவரும் தாமும் தோழர் சிலருமாகச் சேர்ந்து கான்சென்டஸ் மியூசிகஸ் என்ற சிறு கோஷ்டியை ஸ்தாபித்தார்கள். சேர்ந்தவர்களில் பலர் வியன்னா சிம்பனியின் சகாக்கள். பகலில் சம்பளத்துக்கு வாசிப்பு. ஓய்ந்த வேளையில் ஆராய்ச்சி. அடுத்த வருஷமே மேடை ஏறிப் பெயர் வாங்க வேண்டும் என்ற அவசரம் ஒருவருக்கும் இல்லை. நான்கு வருஷம், ஒரு காசு வரும்படியின்றி ஒத்திகை பார்த்து, 1957-ல்தான் முதல் கச்சேரி நடத்தினார்கள். நாலு கீர்த்தனம் பாடமானதும் சபாக் காரியதரிசியின் வீட்டு வாசலில் நிற்கும் நமது இளைஞர்கள் இந்த நான்கு வருஷத்தைச் சற்றே மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

நான்கு வருஷம் என்ன செய்தார்கள்? முதலாவது, வாத்தியங்களைத் தேடினார்கள். முன்னூறு வருஷத்துப் பிடிலும் இன்றைய பிடிலும் ஒன்றுதான் என்று நாம் எண்ணிவிடுகிறோம். உண்மை அப்படியன்று. ஸ்டிராடிவாரி செய்த பிடில்களைக்கூடப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரித்துக் கழுத்தை நீட்டி, உட்கட்டையைப் பெரிதாக்கி, தந்தியின் இழுப்பைத் தாங்கும்படி மாற்றிவிட்டார்கள். ஆயிரக்கணக்கானோர் அமரும் மண்டபங்கள் எழுந்தபோது சப்தம் அதிகம் தேவைப்பட்டது. முற்காலத்தில் ஆட்டுக் குடலில் திரித்த தந்திகள். இன்று உலோகத் தந்திகள். அந்நாளைய வில் வெளிப்புறம் வளைந்து நுனியில் இலேசாக இருக்கும். இழுத்த ஒலி தானாகத் தேய்ந்து மறையும். இந்நாளைய வில் உட்புறம் வளைந்தது. அடியிலிருந்து நுனி வரை ஒரே பலத்துடன் ஒலியை நீட்டுவதற்கென்றே அமைந்தது. செல்லோவுக்கு இப்பொழுது தரையில் ஊன்ற ஓர் இரும்பு முள் உண்டு. பழைய வித்வான்கள் முள்ளின்றிக் கால்களாலேயே அணைத்துப் பிடித்து வாசித்தார்கள். கொம்புகளுக்கும் எக்காளங்களுக்கும் விசைப்பொறி கிடையாது. உதட்டின் திறமையால் மட்டுமே ஸ்வரம் பிறக்க வேண்டும். ஆதார சுருதியும் இன்றையதைவிடச் சற்றேறக்குறைய அரை ஸ்வரம் தாழ்ந்திருந்தது.

இப்படிப்பட்ட வாத்தியங்களை வருஷக்கணக்கில் தேடிச் சேகரித்து, அவற்றை வாசிக்கும் முறையையும் ஆரம்ப பாடத்திலிருந்து கற்றார்கள். பத்து வருஷம் கற்ற வில்வித்தையை மறந்துவிட்டு மறுபடியும் தத்தித் தத்தி நடப்பதென்றால் தேர்ந்த வித்வானுக்கு அது எத்தனை கஷ்டம்! சொல்லிக்கொடுக்கவும் ஆசிரியர் கிடையாது. மாண்டு இருநூறு வருஷம் ஆனவர்களே ஆசிரியர்கள். குவான்ட்ஸ் 1752-ல் குழலைப் பற்றி எழுதிய நூல், மோஸார்ட்டின் தகப்பனார் லேயோபோல்ட் 1756-ல் பிடிலைப் பற்றி எழுதிய நூல் முதலியவற்றை ஹார்னன்கூர் வரிவரியாகப் படித்தார். பிபர், ஷ்மெல்ட்ஸர், ஃபுக்ஸ் முதலாய பழைய ஆசிரியர்களின் உருப்படிகளையும் உயிர்ப்பித்தார்கள்.

இந்தப் படிப்பிலேதான் தாம் தேடிய பிழை எங்கே இருக்கிறது என்று அவர் கண்டார். ஐரோப்பியர் தங்கள் சங்கீதத்தை ஐந்து கோடுகளின் மேல் புள்ளியிட்டு எழுதுகிறார்கள் அல்லவா? ஒரே மாதிரியான நான்கு புள்ளிகள் அருகருகே இருந்தால் இன்றைய வித்வான் நான்கையும் ஒரே பலத்துடன் வாசிப்பார். பழைய நூல்களோ, அந்த நான்கில் முதலாவது உயர்ந்தது, இரண்டாவது தாழ்ந்தது, மூன்றாவது கொஞ்சம் உயர்ந்தது, நான்காவது மிகவும் தாழ்ந்தது என்று ஜாதி பிரித்துக் கூறுகின்றன. நல்ல ஸ்வரம், கெட்ட ஸ்வரம் என்றே அவற்றுக்குப் பெயர். இந்த வேற்றுமை ஏட்டில் எழுதப்படவில்லை. அக்காலத்து மாணாக்கன் குருவின் பக்கத்தில் அமர்ந்தே அதைக் கற்றுக்கொண்டான். எல்லோருக்கும் தெரிந்ததை யாரும் எழுதி வைப்பதில்லை. குருபரம்பரை அறுந்தது, ஏடு மட்டும் எஞ்சியது. ஏட்டை அப்படியே வாசிப்பதுதான் விசுவாசம் என்று எண்ணிய பிற்காலத்தார், எழுதியவர் மனத்தில் இருந்ததைக் கோட்டைவிட்டார்கள்.

நமது பள்ளிக்கூடத்துப் பையன்கள் செய்யுளை ஒப்பிப்பதைக் கேட்டவர்களுக்கு இது எளிதில் விளங்கும். ஓர் எழுத்துப் பிசகாது. நிறுத்தம் இராது, ஏற்ற இறக்கம் இராது, தலைவி அழுகிறாளா, தலைவன் போருக்குப் புறப்படுகிறானா என்று நமக்கும் தெரியாது, பையனுக்கும் தெரியாது. நூற்றுக்கு நூறு மார்க்கு கொடுத்தே தீர வேண்டும். ஐரோப்பாவின் பெரிய கோஷ்டிகள் பழைய சங்கீதத்தை அவ்விதமே ஒப்பித்துக்கொண்டிருந்தன என்று ஹார்னன்கூர் கருதினார். அந்தச் சங்கீதம் பேச்சு. அதில் கேள்வி உண்டு, பதில் உண்டு, பெருமூச்சு உண்டு, வாக்குவாதம் உண்டு என்றார். 1739-ல் மாட்டெஸோன் என்பவர் ஒலியாலாகிய சொற்பொழிவு என்று பொருள்படும் ஒரு பதத்தைக் கையாண்டிருந்தார். ஹார்னன்கூர் 1982-ல் வெளியிட்ட தமது கட்டுரைத் தொகுதிக்கு அந்தப் பதத்தையே பெயரில் சூட்டினார். 1973 முதல் இருபது வருஷம் சால்ஸ்பர்க் நகரத்துச் சங்கீதக் கல்லூரியில் இதையே போதித்தும் வந்தார்.

குருபரம்பரை அறுந்ததற்கு அவர் கூறும் காரணம் ருசிகரமானது. பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிறகு 1795-ல் பாரிஸில் சர்க்கார் சங்கீதக் கல்லூரி நிறுவப்பட்டது. எல்லோருக்கும் ஒரே பாடத்திட்டம், ஒரே முறை. கேட்பவர்களும் முன்கல்வியின்றியே ரசிக்கத்தக்க சங்கீதம் என்ற கொள்கை பரவியது. அதனால் பேசும் சங்கீதம் மறைந்து, வர்ணம் தீட்டும் சங்கீதம் தலையெடுத்தது என்கிறார். இதில் உண்மை உண்டு. ஆனால் பாடத்திட்டத்தின்மேல் அவர் சுமத்தும் பழி முழுவதையும் நாம் ஒப்புக்கொள்வதற்கில்லை. குருவின் வீட்டு வாசலை மிதிக்க வழியில்லாத எத்தனை ஏழைப் பிள்ளைகளுக்கு அந்தக் கல்லூரியின் கதவு திறந்திருக்கும்! பிரபு குலத்தில் பிறந்தவருக்கு அந்தப் பக்கம் அவ்வளவாகக் கண்ணில் படவில்லை போலும்.

1964-ல் பாஹ் இயற்றிய பிரான்டென்பர்க் கச்சேரிகளைப் பழைய வாத்தியங்களில் வாசித்து இசைத்தட்டாக வெளியிட்டார்கள். 1970-ல் அதே ஆசிரியரின் மத்தேயு பாஸன், பெண் குரலே இன்றி, சிறுவரும் ஆடவரும் மட்டும் பாடி வெளிவந்தது. அதன் பின் தொடங்கிய வேலைதான் மலைப்பை உண்டாக்குவது. பாஹ் மாதா கோயில் ஆராதனைக்கென்று எழுதியவற்றில் ஏறக்குறைய இருநூறு கான்டாட்டாக்கள் எஞ்சியுள்ளன. அவை யாவற்றையும் ஒன்று விடாமல் பதிவு செய்வதென்று ஹார்னன்கூரும், ஆலந்து தேசத்து ஹார்ப்ஸிகார்டு வித்வான் குஸ்தாவ் லேயோன்ஹார்டும் பங்கு போட்டுக்கொண்டார்கள். 1971-ல் முதல் தொகுதி வந்தது. முடிப்பதற்குப் பத்தொன்பது வருஷம் ஆயிற்று. தட்டுக்களோடு ஸ்வரச் சுவடியையும் அச்சிட்டுப் பெட்டியில் வைத்துக் கொடுத்தார்கள். கேட்பவரும் ஏட்டைப் பார்த்துத் தாமே தீர்ப்புக் கூறலாம் அல்லவா? இந்த நேர்மை நமக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

பாஹ் நம் தொழிலினர் என்பதை இங்கே பெருமையோடு சொல்லிக்கொள்ள வேண்டும். 1723 முதல் லைப்ஸிக் நகரத்துத் தாமஸ் பள்ளிக்கூடத்தில் அவர் உபாத்தியாயர். லத்தீன் பாடமும் எடுக்க வேண்டும் என்பது நிபந்தனை; அதைத் தாங்க மாட்டாமல் கைப்பணம் கொடுத்து வேறொருவரை அமர்த்தினார். அந்தக் கான்டாட்டாக்களில் மேல் ஸ்தாயியைப் பாடியவர்கள் அப்பள்ளிக்கூடத்துப் பையன்களே. ஆகவே ஹார்னன்கூரும் பையன்களையே பாட வைத்தார். எல்லா இடத்திலும் வெற்றி என்று சொல்ல முடியாது. கடினமான சில உருப்படிகளில் பையனுக்கு மூச்சுப் போதவில்லை, சுருதி தளர்கிறது. விசைப்பொறியில்லாத கொம்பும் ஆங்காங்கே இடறுகிறது. விமர்சகர்கள் இவற்றையெல்லாம் பட்டியல் போட்டுக் கண்டித்தார்கள். கண்டனம் பொய்யன்று. ஆனால் அந்தப் பையன் தான் பாடும் வார்த்தையின் பொருளை அறிந்து பாடுகிறான் என்பது கேட்டவுடனே தெரிகிறது. பிழையின்றிப் பாடும் பலரிடத்தில் அது தெரிவதில்லை.

இவ்வளவு காலமும் அவர் தமது கோஷ்டியைச் செல்லோ வாசித்தபடியே நடத்தி வந்தார். செல்லோவை வைத்துவிட்டு எழுந்து நின்றது 1972-ல், மிலான் நகரத்து ஸ்காலா நாடகசாலையின் சிற்றரங்கில், மான்டிவெர்டியின் யூலிஸஸ் இசை நாடகத்திற்காக. 1640-ல் வெனிஸில் அரங்கேறிய அந்த நாடகத்துக்கு உலகத்தில் ஒரே ஒரு கைப்பிரதிதான் உண்டு. அது இருப்பதும் வியன்னா தேசிய நூல்நிலையத்தில். பெரும்பாலான பக்கங்களில் பாடகரின் மெட்டும் அடியில் மந்தர ஸ்தாயியின் வரியும் மட்டுமே காணும். எந்த வாத்தியம் எங்கே, எவ்வளவு என்பதற்கு விடையே இல்லை. ஆராய்ச்சிக்காரர் குறிப்பு எழுதிவிட்டு நின்றுவிடலாம்; நாடகம் நடத்துகிறவர் மாலை ஏழு மணிக்குத் திரை தூக்கியாக வேண்டும். ஹார்னன்கூர் இரண்டுமாக இருந்தார். பிறகு 1975 தொடங்கி ஸூரிக் நகரத்தில் போனெல் என்ற நாடக அமைப்பாளரோடு சேர்ந்து, மான்டிவெர்டியின் நாடகங்கள் மூன்றையும் அவர் மேடையேற்றினார். பண்டிதர்களின் அலமாரியில் உறங்கிய சரக்கைப் பொதுஜனங்கள் சீட்டு வாங்கிக்கொண்டு வந்து பார்த்தார்கள்.

அதே 1975-ல் ஆம்ஸ்டர்டாமின் கான்ஸர்ட்கெபவ் கோஷ்டி அவரை அழைத்தது. பாஹின் பாஸன்களை வருஷா வருஷம் தங்கள் சொந்தச் சம்பிரதாயப்படி பிரம்மாண்டமாக நடத்திப் பழகியவர்கள். எல்லாம் நவீன வாத்தியங்கள். குடல் தந்திதான் வேண்டும் என்று ஹார்னன்கூர் பிடிவாதம் பிடிக்கவில்லை. பேசத் தெரிந்தால் போதும், நாக்கு எதுவாயினும் ஆகுக என்ற பக்குவம் அவருக்கு வந்திருந்தது. அவருடைய சீடர்கள் என்று சொல்லிக்கொண்டவர்களுக்கு இது பிடிக்கவில்லை. பழைய வாத்தியத்தில் வாசித்தாலே அசல், மற்றதெல்லாம் போலி என்ற ஒரு மடம் அதற்குள் கிளம்பிவிட்டது. தாம் கண்காட்சி சாலைக் காவற்காரர் அல்லர் என்பதை அவர் ஓயாமல் சொல்ல வேண்டியிருந்தது. சென்றுபோன காலத்தை மீட்டுக் கொணர ஒருவராலும் ஆகாது. இன்று நம்மோடு பேசாவிட்டால் பழையதை வாசித்து என்ன பயன் என்பது அவர் வாதம். 1990, 1991 வருஷங்களில் கிராட்ஸ் நகரில் ஐரோப்பிய இளம் வித்வான்களின் கோஷ்டியொன்றைக் கொண்டு பீத்தோவனின் ஒன்பது சிம்பனிகளையும் பதிவு செய்தார். மற்ற வாத்தியங்கள் புதியவை. எக்காளம் மட்டும் பழைய மாதிரி. பையன் ஒருவன் படுக்கையிலிருந்து கேட்ட ரேடியோவுக்கு அதைப் பதில் என்று வைத்துக்கொள்ளலாம்.

சொந்த ஊரின் அங்கீகாரம் தாமதித்தே வந்தது. கராயனின் ஆதிக்கத்தில் இருந்த சால்ஸ்பர்க் விழாவில், கராயன் 1989-ல் மறைந்த பின்னர், 1992-ல்தான் ஹார்னன்கூர் கண்டக்டராக நின்றார். 2001-ம் வருஷப் பிறப்பன்று வியன்னா பில்ஹார்மோனிக்கின் புத்தாண்டுக் கச்சேரியை நடத்தும் கௌரவம் அவருக்குக் கிடைத்தது. பல தேசங்களில் டெலிவிஷனில் பார்க்கும் கச்சேரி அது. மூத்த யோஹான் ஸ்ட்ராஸ் 1848-ல் எழுதிய ராடெட்ஸ்கி அணிவகுப்பை அங்கே கடைசியில் வாசிப்பதும், ரசிகர்கள் கைதட்டித் தாளம் போடுவதும் வழக்கம். எல்லோரும் கேட்டுப் பழகியது பிறர் பின்னால் தடித்து மெருகிட்ட வடிவம். ஹார்னன்கூர் என்ன செய்தார் என்றால், கச்சேரியின் தொடக்கத்திலேயே ஸ்ட்ராஸ் முதலில் எழுதிய மெல்லிய வடிவத்தை எடுத்து வாசித்தார். எழுபத்தொரு வயதிலும், உலகமே பார்க்கும் கொண்டாட்டத்திலும், ஏட்டைத் திருப்பிப் பார்க்கும் வழக்கம் மனிதரை விடவில்லை!

2015-ம் வருஷம் டிசம்பர் 5-ந் தேதி, எண்பத்தாறாவது பிறந்தநாளுக்கு முந்தின நாள், வியன்னாவின் மியூசிக்ஃபெரைன் மண்டபத்துக்கு வந்த ரசிகர்கள் நிகழ்ச்சிநிரலுக்குள் அவர் கையெழுத்தில் ஒரு கடிதத்தைக் கண்டார்கள். உடல்வலிமை இடம் கொடாததால் மேற்கொண்டு ஒப்புக்கொண்ட காரியங்களை விட்டுவிடுவதாக அதில் எழுதியிருந்தார். மேடையில் உள்ள தாங்களும் கீழே அமர்ந்த அவர்களும் சேர்ந்து, புதியன கண்டுபிடிக்கும் ஒரே கூட்டமாக ஆகிவிட்டதாகவும் குறிப்பிட்டிருந்தார். பீத்தோவனின் சிம்பனிகளைக் கான்சென்டஸின் பழைய வாத்தியங்களில் வாசித்துப் பதியும் வேலை அப்பொழுதுதான் தொடங்கியிருந்தது. நான்காவதும் ஐந்தாவதும் மட்டும் முடிந்தன. மூன்று மாதம் கழித்து, 2016 மார்ச் 5-ந் தேதி அவர் காலமானார். முதல் ஒத்திகையிலிருந்து உடன் பிடில் பிடித்த ஆலிஸ் அம்மையார் 2022 வரை ஜீவித்திருந்தார். கான்சென்டஸ் மியூசிகஸின் பொறுப்பை ஸ்டெஃபான் கோட்ஃபிரீட் ஏற்றுக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து கச்சேரிகளைத் தொடர்ந்து நடத்தினார்.